தமிழில் ஒரே 'இல்', ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்

கேள்வி: யாழ். நகரில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். ஆங்கிலக் கடிதம் எழுதும்போது 'இன்', 'ஒன்', 'அற்' ஆகிய மூன்றிலும் தடுமாறுகிறேன். அண்மையில் 'டிஸ்கஸ் எபவுட்' என்று எழுதியதை மேலதிகாரி வெட்டிவிட்டார். அது ஏன் பிழை?
வாசகி, சுண்ணாகம்

பதில்: மூன்றுக்கும் 'இல்' என்றே பொருள் படித்ததுதான் தங்கள் தடுமாற்றத்துக்குக் காரணம். நல்லூர் ஆறுமுக நாவலர் உரை செய்த நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு மேல், உள், இல் உட்பட 28 உருபுகளைச் சொல்கிறது. இன்றைய வழக்கில் அவற்றுட் பலவற்றின் சுமையை 'இல்' ஒன்றே தாங்குகிறது. ஆங்கிலமோ பேசுபவர் அந்த இடத்தை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்கிறது. சூழ்ந்திருக்கும் இடமாகக் கண்டால் 'இன்', மேற்பரப்பாகக் கண்டால் 'ஒன்', வெறும் புள்ளியாகக் கண்டால் 'அற்'. ஆகவே யாழ்ப்பாணத்தில் வசிப்பதற்கு 'இன்' வரும். பஸ் நிலையத்தில் சந்திப்போம் என்பதற்கு 'அற்' வரும், ஏனெனில் அங்கே அந்நிலையம் சந்திப்புக்கான ஒரு புள்ளி மட்டுமே. காங்கேசன்துறை வீதியில் வீடு என்றால் 'ஒன்' எழுதலாம், பிரித்தானிய வழக்கைப் பின்பற்றி 'இன்' என்றும் எழுதலாம். கதவிலக்கத்தோடு முகவரி சொன்னால் 'அற்'. யாழ்தேவி ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி நின்று நடமாட முடிவதால் அவற்றுக்கு 'ஒன்', குனிந்து புகுந்து அமரவேண்டிய காருக்கும் ஓட்டோவுக்கும் 'இன்' என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

காலத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. மணிக்கு 'அற்', நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. காலையில் என்பதற்கு 'இன்' வந்தாலும், திங்கட்கிழமை காலையில் என்றால் கிழமை முந்திக்கொண்டு 'ஒன்' ஆகிவிடும். இரவுக்குப் பொதுவாக 'அற்'.

மேலதிகாரி வெட்டியது சரியே. 'பற்றிக் கலந்துரையாடினோம்' என்னும் நம் வாக்கியத்தின் 'பற்றி' தான் அங்கே 'எபவுட்' ஆக நுழைந்தது. 'டிஸ்கஸ்' என்ற வினை செயப்படுபொருளை நேரடியாகவே கொள்ளும். அதன் பெயர்ச்சொல்லான 'டிஸ்கஷன்' மட்டும் 'எபவுட்' ஏற்கும். 'றிக்குவெஸ்ற்' என்பதும் அவ்வாறே: வினையாக வரும்போது 'ஃபோர்' வேண்டாம், பெயராக வரும்போது வேண்டும்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அலுவலகக் கடிதங்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை அதுவே. 'வெள்ளிக்கிழமை மட்டும் கந்தோர் திறந்திருக்கும்' என்று நம்மவர் சொல்லும்போது 'மட்டும்' என்பது 'வரை' என்ற பொருளில் நிற்கிறது. தொடர்ந்து நீடிக்கும் செயலாகையால் அதற்கு 'அன்ரில்' பொருந்தும். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பத்தை அனுப்புவதோ ஒருமுறை நிகழ்ந்து முடியும் செயல். அங்கே 'அன்ரில்' அன்று, 'பை' என்றே எழுதவேண்டும்.