அவ்வை சண்முகியும் 'அந்தக் கால'மும்

வணக்கம் சார்,

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய நகைச்சுவைப் படங்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, வீட்டில் 'அவ்வை சண்முகி' போட்டோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் பாதியிலேயே, "ஊமை மாதிரி நடிக்கிறதுல என்னம்மா ஜோக்? ஒரு முஸ்லிம் ஏன் ஒளிஞ்சு சமைக்கணும்?" என்று கேட்டாள். "அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும்" என்கிறார் என் கணவர். நீங்கள் யார் பக்கம்?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

மகளின் இரண்டாவது கேள்வியைத்தான் படமும் கேட்கிறது. பேச முடியாத பிராமணச் சமையல்காரராக நடிக்கும் முஸ்லிம் பாஷா ஏன் ஒளிய வேண்டும்? வேலை கொடுக்கிற விஸ்வநாத ஐயருக்குச் சமையல்காரர் பிராமணராக இருக்க வேண்டும். வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை ஆசாரம் பார்க்கும் அந்த ஐயர் செய்வதோ தோல் வியாபாரம்! கிரேசி மோகனின் வசனத்துக்கு நடுவே இதைக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டே போய்விடுகிறோம். பாஷாவாக வரும் நாசரைப் பார்த்து நாம் சிரிப்பதே இல்லை, ஏமாறும் ஐயரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். வீட்டு வாடகைக்கே சாதி, மதம் கேட்கிற ஊரில் 1996 தீபாவளிக்கு வந்த படம் இது. இன்று எத்தனை பேர் இதை எடுப்பார்கள்?

முதல் கேள்வியில் மகள் பக்கம்தான். பேச முடியாதவர் என்ற வேடம் கதைக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். அதைப் பற்றி யாரும் ஒரு நிமிஷம்கூட யோசித்ததாகத் தெரியவில்லை. சாதி, மத விஷயத்தில் இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் இதில் யோசிக்கவில்லை என்றால் பழியைக் காலத்தின் மேல் போட முடியுமா? இரண்டும் ஒரே வருஷம், ஒரே படம்.

மனைவியைப் பிரிந்த அப்பா, பிள்ளைகளோடு இருப்பதற்காகப் பாட்டி வேஷம் போடுகிற கதை இது. இதன் மூலமான ஆங்கிலப் படம் 'மிஸஸ் டவுட்ஃபயர்' 1993இல் வந்தது. அதில் ராபின் வில்லியம்ஸுக்குப் பெண் வேஷம் போட்டுவிடுகிற அண்ணன் தன் ஆண் துணையோடு வாழ்கிறவர். அந்த வேடத்தில் நடித்த ஹார்வி ஃபயர்ஸ்டீன் நிஜத்திலும் தன்னை ஒருபால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். குழந்தைகளும் பார்க்கிற படத்தில் அந்த ஜோடி சாதாரணமாக வந்துபோகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை, விளக்கமும் கிடையாது. தமிழுக்கு வந்தபோது அந்த இருவரும் போய், மேக்கப்மேன் ஜோசப்பாக நாகேஷ் வந்தார். நாகேஷ் நாகேஷ்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நம் சினிமாவில் ஜோசப் என்று பெயர் வைத்தால் கையில் ஒரு பாட்டிலையும் கொடுத்துவிடுவது ரொம்ப நாள் பழக்கம். அடுத்த வருஷம் இந்தியில் 'சாச்சி 420' வந்தபோதும் அதே ஜோசப், ஜானி வாக்கரின் தள்ளாட்டத்தோடு. இதையும் மகளிடம் சொல்லுங்கள், அவள் கேட்காமல் விட்டது இது.

 

உங்கள் மகளும் கேட்காத இன்னொன்று உண்டு. எனக்கு இந்தப் படத்தில் பெரிய குறையே அதுதான். ஆங்கிலப் படத்தில் கணவனும் மனைவியும் கடைசிவரை சேர்வதில்லை. அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்ந்தாலும் அதுவும் குடும்பம்தான் என்று அந்தப் பாட்டி வேஷம் டிவியில் பேசுவதோடு படம் முடியும். தமிழில் கணவன் பாண்டியனையும் மனைவி ஜானகியையும் சேர்த்துவைத்துவிட்டார்கள். விவாகரத்தான அம்மாவோடு வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளும் அந்தத் தீபாவளிக்குத் தியேட்டரில் இருந்திருப்பார்கள். தங்கள் வீடு மாதிரி ஒரு வீட்டைக் கிளைமாக்ஸ் வரை பார்த்துவிட்டு, கடைசி ரீலில் அதையும் இழந்துவிட்டு வெளியே வந்திருப்பார்கள்.