வராத காருக்கு ஒழித்த இடம்

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன். வேலை புதுச்சேரியில். தினமும் போக வர 50 கிலோமீட்டர் பைக்கில் அலைந்து முதுகு போய்விட்டது. அதனால் வைகாசியில் ஒரு எலெக்ட்ரிக் கார் புக் செய்தேன். எட்டு வாரத்தில் டெலிவரி என்றார்கள். ஐப்பசியே பிறந்துவிட்டது. போன் போட்டால் ‘அடுத்த லாட்ல வந்துடும் சார்’ என்கிறார்கள். பேங்க் லோன் ரெடி. வண்டி நிறுத்த இடமும் ரெடி. வாசலில் 12 அடிக்கு 20 அடியில் தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் கிடந்த அப்பாவின் கட்டிலையும் சாய்வு நாற்காலியையும் அப்போதே பின்னறைக்கு மாற்றிவிட்டோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சார்ஜரை எங்கே, எந்த உயரத்தில் மாட்டுவது என்று எலக்ட்ரீஷியன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ராத்திரி தூக்கம் வராமல் அந்தக் காரின் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவிக்கு என் மேல் எரிச்சல். சொந்தக்காரர்கள் ‘கார் வந்துடுச்சா’ என்று கேட்டே மானத்தை வாங்குகிறார்கள். புக்கிங்கை ரத்து செய்துவிடலாமா? இந்த மன உளைச்சலிலிருந்து மீள வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்: கார் வரவில்லை, மனசு சரியில்லை என்று இப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு கடிதமாவது வந்துவிடுகிறது, தம்பி. ‘கவலைப்படாதீர்கள், பொறுத்திருங்கள்’ என்று எழுதி எனக்கே அலுத்துப்போய்விட்டது. கார் வரும். வராவிட்டால் பணம் திரும்ப வரும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பிறகு நாலு வரியில் சொல்கிறேன். முதலில் வேறு ஒன்று பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் அந்த வரி கண்ணில் படாமலே போய்விட்டது. நீங்கள் எழுதிய வேகம் அப்படி. கட்டில், சாய்வு நாற்காலி, பின்னறை, ‘அப்பா ஒன்றும் சொல்லவில்லை’, உடனே சார்ஜருக்குத் தாவிவிட்டீர்கள்.

வைகாசியில் கட்டில் உள்ளே போனது. ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் போய் இப்போது ஐப்பசி. இந்த ஐந்து மாதமாக அந்தக் கொட்டகையில் என்ன நிற்கிறது? பெருக்கித் தள்ளிய வெறும் தரை. ஒரு பெரிய மனிதரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் காற்றை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு என்ன வயது, என்ன உத்தியோகம் பார்த்தார், அம்மா இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கொட்டகையின் நீள அகலம் மட்டும் அடி சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். வீடியோ பார்த்துப் பார்த்து, 2025 ஏப்ரலில் கார் மோட்டாருக்கு வேண்டிய காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதிலிருந்து பேட்டரிக்கு 8 வருஷம் வாரண்டி என்பது வரை உங்களுக்கு அத்துப்படியாகியிருக்கும். பின்னறையில் அப்பா படுத்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டால் யோசிப்பீர்கள்.

நான் சொல்கிறேன். பக்கத்து வீட்டுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி. கொட்டகையில் இருந்தால் தெரு தெரியும். பால்காரர் தெரிவார். பேப்பர் போடும் பையன் கேட்டில் செருகிவிட்டுப் போகாமல் கையில் கொடுப்பான். யார் வீட்டில் விசேஷம், யாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள், எல்லாம் அந்த நாற்காலிக்கு நடந்து வந்துவிடும். சாயந்திரம் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் கடல்காற்று இருக்கிறதே, அது பின்னறைக்குப் போகாது. ‘அங்கேயும் ஃபேன் இருக்கிறது, பாத்ரூம் பக்கத்திலேயே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல லாட்ஜிலும் அதெல்லாம் உண்டு.

வீட்டில் மூத்தவர் வாசலில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஒன்றும் சொல்லவில்லை’ என்றால் சம்மதம் என்று எந்த ஊரில் அர்த்தம்? நம் அப்பாக்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லி, அதற்கு மகன் ஒரு பதில் சொல்லி, அதைக் கேட்க வேண்டிவருமே என்று பேசாமல் எழுந்து போவார்கள். சொந்தக்காரர் ‘கார் வந்துடுச்சா’ என்று கேட்பது உங்களுக்கு மானக்கேடாக இருக்கிறது. ‘என்ன, உங்கப்பாவை வாசல்ல காணோம்?’ என்று தெருமுனை இஸ்திரிக்காரர் ஒருநாளாவது கேட்டிருப்பாரே, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? மனைவியின் எரிச்சலுக்கு வீடியோதான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். மூன்று வேளையும் பின்னறைக்குத் தட்டு கொண்டுபோவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், பாதிதான். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வந்தபோது மாமியாரின் அம்மியைத் தூக்கிக் கொல்லையில் போட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மழைநாளில் பின்கதவைத் திறந்தால், பாலிதீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குத்துக்காலிட்டுத் துவையல் அரைத்துக்கொண்டிருக்கிறார். ‘மிக்ஸி இருக்கேம்மா’ என்றேன். ‘இருக்கும்மா’ என்றார், நிமிராமல். அப்புறம் மெஷினை மாடிக்கு ஏற்றினேன். அம்மி உள்ளே திரும்பி வந்தபோது அவர் கையில் அரைக்க வலு இல்லை.

சரி, உங்கள் கணக்குக்கே வருவோம். தினம் 50 கிலோமீட்டர் ஓட ஏழெட்டு யூனிட் போதும். 15 ஆம்ப் பிளக்கில் போட்டால் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். பகலெல்லாம் வண்டி உங்களோடு பாண்டிச்சேரியில் நிற்கப்போகிறது. அதாவது, கார் வந்த பிறகும் காலையிலிருந்து இருட்டும் வரை கொட்டகை காலி. ராத்திரி? காரின் அகலம் ஆறடி. கட்டில் மூன்றடி. உங்கள் கொட்டகை பன்னிரண்டடி. ஐந்தாம் வகுப்புக் கழித்தல் இது. அந்தக் கட்டிலை நகர்த்தியிருக்கவே வேண்டாம், தம்பி. கதவு திறக்க இடம் போதாதென்றால் காரை ஒரு ஓரமாக ஒட்டி நிறுத்திவிட்டு மறுபக்கம் இறங்குங்கள். இளவயசுதானே, வளையலாம்.

குறைந்த பாண்டி விலைக்கு ஆசைப்பட்டு, எல்லை தாண்டி முள்ளோடையில் பெட்ரோல் போட வரிசையில் நின்ற ஊர் நம்முடையது. அந்த வரிசையிலிருந்து நீங்கள் விலகுவதில் எனக்குச் சந்தோஷம்தான். முதுகுவலியும் நிஜம். கார் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

டீலர் விஷயம். இனி போன் பேசாதீர்கள். எந்தத் தேதிக்குள் வண்டி, எந்த சேஸிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று மெயிலில் கேளுங்கள். எண் வந்தால் தயாரித்த மாதத்தையும் கேட்டு வாங்குங்கள். அதற்குமுன் முழுப் பணத்தைக் கட்டாதீர்கள், பேங்க்கையும் கடனை விடுவிக்கச் சொல்லாதீர்கள். புக்கிங் படிவத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் டெலிவரி அன்றைய விலைதான் கணக்கு என்று இருக்கும், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்கும். பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம். லோன் வட்டிக்கு வருமான வரியில் 80 ஈஈபி பிரிவில் சலுகை உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அது 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும். ரத்து செய்வதா என்பதை மெயிலுக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முடிவு செய்யாதீர்கள்.

சார்ஜருக்கு வருகிறேன். மெயின் போர்டிலிருந்து தனி லைன், லோடு கூடினால் தானாக அணையும் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. இரண்டும் தனியாக, நல்ல எர்த். உப்புக்காற்று எர்த் கம்பியைத் தின்றுவிடும் ஊர், பழையதை நம்பாதீர்கள். கட்டில் இருக்கும் பக்கம் வேண்டாம், எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். உயரம்தான் முக்கியம். அதை எலக்ட்ரீஷியனும் சொல்ல முடியாது, வீடியோக்காரரும் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் அடித்து ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. 2015-ல் வெள்ளம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அடுத்தடுத்த நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் கரை புரண்டு வந்தது. இத்தனையிலும் உங்கள் வாசலில் தண்ணீர் எதுவரை ஏறியது, எந்தப் பக்கமிருந்து வந்தது, வடிய எத்தனை நாளானது என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் பின்னறையில் வைத்திருக்கிறீர்கள்.

இன்றைக்கே நாற்காலியைத் தூக்கி வாசலில் போடுங்கள். ‘வர்றீங்களாப்பா’ என்று கேட்காதீர்கள். கேட்டால் ‘எதுக்குப்பா, இங்கேயே இருக்கேன்’ என்பார், உங்களுக்கும் அது வசதியாகப் போய்விடும். நாற்காலியைப் போட்டு, பேப்பரை அதன் மேல் வைத்துவிட்டு, கட்டிலைத் தூக்க ஆள் கூப்பிடுங்கள். அவரே எழுந்து வருவார். உடனே வராவிட்டால் ஒரு நாள் விடுங்கள், சாயந்திரக் காற்றுக்கு வருவார். வந்து உட்கார்ந்ததும் நீங்களும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ‘பதினஞ்சு வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும்பா வந்துச்சு’ என்று கேளுங்கள். எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்துக் காட்டுவார். கையை எடுப்பதற்குள் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே சார்ஜர். எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.