தண்டையார்பேட்டையில் சிவில் படித்துவிட்டுக் குளிர்பிரதேசப் பொறியியலில் மேற்படிப்பு, ஆராய்ச்சி வேலைக்குப் போக முடியுமா?

முடியும். உறைந்த மண்ணும் பனியும் உள்ள இடங்களில் கட்டுவதைப் பற்றிய துறைதான் குளிர்பிரதேசப் பொறியியல். கேள்வி கேட்டவர் மூன்று தயக்கங்களைச் சொல்லியிருக்கிறார்: பனியையே பார்த்ததில்லை, வீட்டில் பணமில்லை, படித்தது பெயர்பெற்ற கல்லூரி இல்லை. நான் திருவொற்றியூர். அப்பாவுக்கு மணலியில் ஒப்பந்த வேலை. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. முடித்தேன். இப்போது நார்வேயில் உறைந்த மண்ணைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்று தயக்கமும் எனக்கும் இருந்தவைதான்.

முதலில் பனி. அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்ன தெரிந்துகொண்டு வருகிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். சிவில்காரருக்கு அது பெரும்பாலும் மண். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் மண் பரிசோதனைக்குத் துளை போட்டால் கொழகொழவென்று கடல் களிமண் வரும். அதன் மேல் பாரம் ஏற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீர் மெதுவாக வெளியேறி, தரை வருஷக்கணக்கில் அமிழும். இதைக் கணக்கிட மண் இயந்திரவியலின் முன்னோடி டெர்சாகி தந்த சமன்பாட்டை நாம் எல்லோரும் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். வெப்பம் ஒரு பொருளுக்குள் பரவுவதற்கான சமன்பாடும் அதே வடிவம்தான்.

இனி அலாஸ்காவுக்கோ சைபீரியாவுக்கோ போங்கள். குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலத்தை பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். அதில் உள்ள பனிக்கட்டி உருகும்போது தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால், மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, தரை பலம் இழக்கிறது. உருகும் வேகமும் தண்ணீர் வடியும் வேகமும் போட்டி போடுகின்றன. இதை மார்கன்ஸ்டெர்ன், நிக்சன் என்ற இருவர் 1971இல் டெர்சாகியின் கோட்பாட்டோடு இணைத்துக் கணக்காக்கினார்கள். களிமண் அமிழ்வதை நன்றாகப் படித்த ஒருவர் அந்தக் கட்டுரையைத் திறந்தால் பாதி ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். என் நேர்காணலில் பெரும் பகுதி எண்ணூர் களிமண்ணைப் பற்றித்தான் போனது.

இன்னொரு விஷயமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் தொடங்கினார்கள். அந்த எரிவாயுவை மைனஸ் 162 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட தொட்டியை அப்படியே தரையில் வைத்தால் அடியில் உள்ள மண் உறைந்து வீங்கித் தொட்டியையே தூக்கும். அதனால் அடித்தளத்தை உயர்த்திக் கீழே காற்றோட விடுவார்கள், அல்லது அடித்தளத்துக்குள் ஹீட்டர் பதிப்பார்கள். அலாஸ்காவில் இதற்கு நேர்மாறான கவலை: வீட்டின் சூடு இறங்கி மண் உருகிவிடக் கூடாது என்று வீட்டைத் தூண்களின் மேல் கட்டுகிறார்கள். பிரச்சினை ஒன்றுதான், திசைதான் வேறு. தண்ணீர் உறைந்தால் பெருக்கும் என்பதால்தான் மண் வீங்குகிறது என்று நினைப்போம். அது மட்டும் காரணமில்லை. உறையும்போது சுருங்குகிற பென்சீனை வைத்தே அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930 வாக்கில் மண் வீங்குவதைக் காட்டினார். உறையும் இடம் கீழேயிருந்து திரவத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் முக்கியக் காரணம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் துறைதான் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

அடுத்தது பணம். இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்: கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க வேண்டாம். ஸ்வீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் முதுகலை மாணவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்துவிட்டன. ஆனால் அங்கே முனைவர் படிப்புக்குக் கட்டணம் இல்லை. நார்வேயிலும் ஸ்வீடனிலும் அது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. வேலைக்கு விளம்பரம் வருவது போலவே விளம்பரம் வரும், விண்ணப்பம் போட வேண்டும். ஆக, முதுகலைப் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வான கேட் எழுதி இங்கேயே ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.டெக். சேருங்கள். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். ஆய்வுத் தலைப்பை மட்டும் வெப்பமும் மண்ணும் சேர்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நேராகச் சம்பளத்தோடு முனைவர் படிப்பு. நான் வந்த வழி இதுதான். கடனோடு வந்தவர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன்.

எங்கே தேடுவது? வேலை விளம்பரங்களுக்கு நார்வேயில் ஜாப்நார்கே இணையதளம், ஐரோப்பா முழுவதற்கும் யூராக்சஸ். பல்கலைக்கழகங்களில், மண்ணுக்கும் கடல் பனிக்கும் நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் உள்ள என்.டி.என்.யூ., நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் உள்ள யூனிஸ், ஸ்வீடனின் லூலியோ. கப்பல், பனிக்கட்டி மோதல் என்றால் பின்லாந்தின் ஆல்டோ, கனடாவின் மெமோரியல். பெர்மாஃப்ராஸ்ட் என்றால் கனடாவில் ஆல்பர்ட்டா, கார்ல்டன், லவால். அமெரிக்காவில் அலாஸ்கா பேர்பேங்க்ஸ். அமெரிக்க ராணுவத்தின் கிரெல் ஆய்வகம் இந்தத் துறையில் பெரிய பெயர், ஆனால் அங்கே வேலை பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அங்கிருந்து வரும் கட்டுரைகளைப் படியுங்கள், போதும்.

வெளிநாடு வேண்டாம் என்றால் இங்கேயும் வாசல் இருக்கிறது. கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் அண்டார்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களையும், ஸ்வால்பார்டின் ஹிமாத்ரியையும், இமயமலையின் ஸ்பிதியில் உள்ள ஹிமான்ஷ் நிலையத்தையும் நடத்துகிறது. திட்ட விஞ்ஞானி வேலைக்கு அவ்வப்போது விளம்பரம் வரும். பனிச்சரிவு ஆராய்ச்சி என்றால் டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வகம். பனியாறுகள் என்றால் டேராடூன் வாடியா நிறுவனம், ஐ.ஐ.டி. இந்தூர். நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி.யும் துருவக் கடலுக்கான கருவிகளைச் செய்திருக்கிறது. மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படித்த நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கல்லூரிப் பெயருக்கு வருவோம். விண்ணப்பத்தில் அது ஒரு வரி. பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்தான் உங்கள் முகம். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது. ஒருவருடைய ஒரு கட்டுரையை முழுசாகப் படியுங்கள். அதில் ஒரு வரைபடத்தை நீங்களே கணக்குப் போட்டு மறுபடி வரைந்து பாருங்கள். எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். எனக்கு முதலில் வந்த பதில் அப்படி எழுதியதற்குத்தான்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. இடையில் இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும். வீட்டுக்கு ஒரே சம்பாத்தியம் நீங்கள்தான் என்றால் இதை இப்போதே அம்மா அப்பாவிடம் பேசிவிடுங்கள். அறிவியல் பக்கத்தை விடப் பொறியியல் பக்கத்தில் வெளியே வேலை அதிகம் என்பது என் கணிப்பு: குழாய்ப் பாதை, சுரங்கப்பாதைக்காக மண்ணை உறைய வைப்பது, எரிவாயுத் தொட்டி, லடாக், லாஹௌல் பக்கம் நடக்கும் சாலை, சுரங்கப் பணிகள்.

கேட் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும், பதிவு அதற்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். அதற்குப் படிக்கும்போது மண் இயந்திரவியலோடு வெப்பக் கடத்தலில் ஒரு என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழி) பாடத்தையும் சேர்த்துப் பாருங்கள். இலவசம்தான், சிவில் பாடத்திட்டத்தில் அந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது.