லண்டனை விட்டுக் கிளம்பும் முன்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டேன். லண்டன் ஹாரோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு டோர்செட் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் இருந்து பார்த்தேன், சரிப்பட்டு வரவில்லை. இப்போது ஆறு ஆண்டுகளாக வொர்திங் என்ற கடலோர ஊரில் இருக்கிறேன். தெற்கு இங்கிலாந்தில் எங்கே குடியேறலாம் என்று கேட்பவர்களுக்கு, இரண்டு முறை வீடு மாறிப் படித்த பாடத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஹாரோ): ஐயா, எனக்கு 57 வயது, மனைவிக்கு 55. பத்து வருடமாகக் கோடை விடுமுறைக்கு டெவனில் உள்ள சிட்மத்துக்குப் போகிறோம். அங்கேயே வீடு வாங்கிவிடலாமா?

பத்து வருடமும் ஜூலை, ஆகஸ்டில்தானே போனீர்கள்? பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை நாளாகப் பார்த்துப் போய் வாருங்கள். எந்தக் கடை திறந்திருக்கிறது, எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள்.

சிட்மத் அழகான ஊர். அந்தச் செம்பாறைச் சரிவைப் பார்த்தால் யாருக்கும் மனம் தடுமாறும். ஆனால் அங்கே ரயில் நிலையம் இல்லை. கிளைப் பாதையை 1967இல் மூடிவிட்டார்கள். ஹோனிட்டனுக்கோ எக்ஸிட்டருக்கோ போய்த்தான் லண்டன் ரயிலைப் பிடிக்க வேண்டும். பெரிய மருத்துவமனையும் எக்ஸிட்டரில்தான்.

என் கதையைச் சொல்கிறேன். டோர்செட்டில் நாங்கள் வாங்கிய வீட்டிலிருந்து கடல் தெரியும். கிராமத்துக்கு பஸ் நாளைக்கு நாலைந்து தடவை; ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டாம் ஆண்டு எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார்கள். ஒரு பாக்கெட் பால் வாங்குவதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதாயிற்று. அவரும் விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிறவர். நவம்பர் பிறந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நாலரை மணிக்கே இருட்டிவிடும். தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் வெளிச்சம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது சண்டை போடுவதைவிட மோசம்.

ஆகவே முதலில் வாங்காதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடகைக்கு இருங்கள். கோடையில் விடுதியாக ஓடும் வீடுகள் பல, குளிர்காலத்தில் மலிவாகவே கிடைக்கும். நான்கு மாதமும் தாக்குப்பிடித்தால் தாராளமாக வாங்குங்கள். டெவன்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் எக்ஸிட்டரையே பாருங்கள். மருத்துவமனை, பல்கலைக்கழகம், லண்டன் பாடிங்டனுக்கு நேர் ரயில் எல்லாம் அங்கே இருக்கின்றன. கடலுக்கு அரை மணி நேரம். எக்ஸிட்டருக்கு மேற்கே போகிறவர்கள் 2014 பிப்ரவரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டாலிஷில் கடல் எழுந்து ரயில் பாதையின் அடிச்சுவரையே பெயர்த்துப் போட்டது. இரண்டு மாதம் அந்தப் பக்கம் ரயிலே ஓடவில்லை.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): கையில் நான்கு லட்சம் பவுண்ட் இருக்கிறது. ஈஸ்ட்போர்ன், வொர்திங், போர்ன்மத், இந்த மூன்றில் எது?

நான்கு லட்சத்தையும் வீட்டிலேயே போடுவதாக இருந்தால் முத்திரை வரி 10,000 பவுண்ட் கட்ட வேண்டும் என்பதை முதலில் கணக்கில் சேருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து முதல் 1,25,000க்கு வரி இல்லை, அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். வழக்கறிஞர் கட்டணமும் சாமான் ஏற்றும் லாரிச் செலவும் தனி.

மணல் வேண்டுமானால் போர்ன்மத். ஏழு மைல் மணல் கரை, நம் மெரினாவில் நடந்தவர்களுக்குக் கால் சுகமாக இருக்கும். ஆனால் ஊர் மேலே, கடல் கீழே. நடுவில் செங்குத்தான சரிவு. 2016இல் நடந்த மண்சரிவில் அங்கே சரிவில் ஏற்றி இறக்கும் லிஃப்ட் ஒன்றே சேதமடைந்தது. லண்டன் வாட்டர்லூவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்.

ஈஸ்ட்போர்னிலும் வொர்திங்கிலும் கரை கூழாங்கல்தான். வொர்திங்கில் கடல் உள்வாங்கும்போது மணல் தலைகாட்டும். இரண்டிலிருந்தும் லண்டன் விக்டோரியாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். வெயிலுக்கு ஈஸ்ட்போர்ன் பேர்போனது: 1911 ஜூலையில் மட்டும் அங்கே 383.9 மணி நேரம் வெயில் அடித்ததாகப் பதிவாகியிருக்கிறது. நான் வொர்திங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே: ஊர் சமதரை. மருத்துவமனை, ரயில் நிலையம், காய்கறிக் கடை, கடல் எல்லாவற்றுக்கும் முழங்காலைக் கேட்காமல் நடந்து போகலாம். பிரைட்டனின் கலகலப்பு வேண்டும் என்றால் அரை மணியில் போய்விட்டு, அலுத்ததும் திரும்பிவிடலாம்.

கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டை வாங்காதீர்கள். உப்புக் காற்று ஜன்னல் சட்டத்தையும் காரையும் தின்றுவிடும். இரண்டு தெரு தள்ளி வாங்கினால் மலிவு. அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அந்த இடத்துக்கு வெள்ள அபாயம் எவ்வளவு என்று அரசின் இணையதளம் இலவசமாகச் சொல்லும். வீடு பார்க்கப் புறப்படும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (டூட்டிங்): 60 வயதாகி இலவசப் பயண அட்டை இப்போதுதான் கிடைத்தது. ஊர் மாறினால் போய்விடுமா?

போய்விடும். அது லண்டன்வாசிகளுக்கு மட்டும். வெளியே அரசு ஓய்வூதிய வயது வந்த பிறகுதான் இலவச பஸ் அட்டை தருவார்கள். அதுவும் வார நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான். எனக்கே இன்னும் வரவில்லை. ஆனால் 60 ஆனவர்களுக்கு ரயிலில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் சீனியர் அட்டை நாடெங்கும் செல்லும். இங்கிலாந்துக்குள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கு மருந்துச் சீட்டுக்கும் காசு இல்லை.

கேள்வி (குரோய்டன்): அண்ணா, உங்களுக்கு அங்கே தனியாகத் தெரியவில்லையா? கோயில், நம் கடைகள், நாலு தமிழ் முகம் இல்லாமல் எப்படி?

தங்கச்சி, எல்லாரும் வீட்டு விலையைக் கேட்கிறார்கள். இதைக் கேட்பவர் குறைவு. முதல் வருடம் தெரிந்தது. பொங்கலன்று நாங்கள் இருவர் மட்டும் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை.

இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளாப்ஹம் ஜங்ஷனில் ரயில் மாறி விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். திரும்பும் வழியில் டூட்டிங்கில் இறங்கிக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், அரிசி மா. கறிவேப்பிலையை உருவி உறையவைத்தால் ஒரு மாதம் தாங்கும். மணம் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கோயில் கிட்டத்தில் இருந்தே ஆகவேண்டும் என்றால் கடலை மறந்துவிட்டு ரெடிங், க்ராலி, சவுத்தாம்ப்டன் பக்கம் பாருங்கள். அங்கெல்லாம் இந்துக் கோயில்கள் உண்டு.

உள்ளூர்க்காரர்களிடம் பழக u3a என்ற அமைப்பில் சேருங்கள். வேலையை விட்டவர்கள் தங்களுக்குள் கற்றுக்கொடுத்துக்கொள்ளும் அமைப்பு அது. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு வந்தது, ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறது. என் மனைவி அதில் சமையல் வகுப்பு எடுக்கிறாள். பன்னிரண்டு ஆங்கிலேயப் பெண்களுக்கு இப்போது ரசம் வைக்கத் தெரியும். டோர்செட்டில் வாய் திறக்காதிருந்தவள் இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

கேள்வி (நியூ மால்டன்): ஐல் ஆஃப் வைட்டில் வீடு மலிவாக இருக்கிறதே?

மலிவுக்குக் காரணம் நடுவில் இருக்கும் கடல். பாலம் கிடையாது. போர்ட்ஸ்மத்திலிருந்து தீவிலுள்ள ரைடுக்குப் படகில் 22 நிமிடம்தான். ஆனால் பேரன் பிறந்த நாளுக்குக் காரோடு கிளம்பினால் படகுக் கட்டணம் கண்ணைக் கட்டும். வெண்ட்னர் பக்கம் பார்ப்பதாக இருந்தால் நிலத்தைப் பற்றி விசாரியுங்கள். அந்த ஊரே பழைய மண்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அதை அடுத்த பான்சர்ச்சில் நிலம் மறுபடி சரிந்தது. தீவு வாழ்க்கை பிடித்துப்போய் மகிழ்ச்சியாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் தீவிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி (வெம்பிளி): லண்டன் வீட்டை விற்க மனமில்லை. வாடகைக்கு விட்டுவிட்டுக் கடலோரத்தில் ஒன்று வாங்கினால்?

விற்காமல் இன்னொன்று வாங்கினால் முத்திரை வரியோடு மொத்த விலையில் இன்னும் 5 சதவீதம். நான்கு லட்சம் பவுண்ட் வீட்டுக்கு 10,000 கட்டுகிற இடத்தில் 30,000 ஆகிவிடும். மூன்று ஆண்டுகளுக்குள் பழைய வீட்டை விற்றுவிட்டால் கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்கலாம். மனம் தெளியும்வரை அங்கே நீங்களே வாடகைக்கு இருப்பது நல்லது.

கேள்வி (இல்ஃபோர்ட்): 55 வயதில் வேலையை விட்டால் பணம் தாங்குமா?

1961 மார்ச் 6க்கும் 1977 ஏப்ரல் 5க்கும் இடையே பிறந்தவர்களுக்கு அரசு ஓய்வூதியம் 67 வயதில்தான். அப்படியானால் உங்களுக்குப் பன்னிரண்டு வருடம் இடைவெளி. முழுத் தொகை கிடைக்கப் பொதுவாக 35 வருட நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசுக் காப்பீட்டுச் சந்தா) பதிவு வேண்டும். உங்கள் பதிவில் எத்தனை இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தனியார் ஓய்வூதியத்தை இப்போது 55இல் எடுக்கலாம், 2028 ஏப்ரலிலிருந்து 57. கடல் தெரியும் வீட்டில் எல்லாப் பணத்தையும் முடக்கிவிட்டு, ஹீட்டரைப் போடத் தயங்கி உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சட்டன்): முதியோருக்கென்றே கட்டிய அடுக்குமாடி வீடுகள் எப்படி?

பல இடங்களில் 60 ஆகாமல் சேர்க்கமாட்டார்கள். பராமரிப்புக் கட்டணம் வருடாவருடம் ஏறும், விற்கும்போது ஒரு பங்கு கேட்கிற ஒப்பந்தங்களும் உண்டு. பிற்பாடு பிள்ளைகள் அதை விற்பதற்குள் பெரும்பாடு படுவார்கள். இப்போதே அவசரம் என்ன?

கேள்வி (ஹேய்ஸ்): மருத்துவர் கிடைப்பாரா?

வீடு வாங்கும் முன்பே அந்தத் தெருவின் பெயரைச் சொல்லி உள்ளூர் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) கேளுங்கள், இன்ன பகுதிக்காரர்களைத்தான் சேர்ப்பது என்று அவர்களுக்கு எல்லை உண்டு. பல் மருத்துவர்தான் திண்டாட்டம், மேற்கே போகப்போக இன்னும் மோசம். பல் மருத்துவர்களுக்கு மட்டும் எல்லை இல்லை. நான் இன்றும் ஹாரோவில் பழைய மருத்துவரிடமே போகிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ரயிலில்.