மொய் நோட்டும் கடன் நோட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். வீட்டு வாடகை 10,000. இரண்டு கடன் அட்டைகளில் சேர்த்து 1,80,000 ரூபாய் நிலுவை இருக்கிறது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையாக 9,000 கட்டுகிறேன். வங்கியில் வாங்கிய தனிநபர் கடனுக்குத் தவணை 8,600. மாமா முறையுள்ள ஒருவரிடம் இரண்டு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியிருக்கிறேன். அதற்கு மாதம் 2,000. இருபதாம் தேதிக்குமேல் வீட்டுச் செலவே அட்டையில்தான் ஓடுகிறது. அட்டைக் கடன் மனைவிக்குத் தெரியாது. அவருடைய நகை ஏழு பவுன் வீட்டில் இருக்கிறது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் அடைக்க ஒரே பெரிய கடனாக வாங்கிவிடலாமா? தை மாதம் இளைய மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். மொய் வந்தால் ஓரளவு ஈடுகட்டலாம் என்றும் நினைக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

மாமாவிடம் வாங்கியதை இரண்டு வட்டி என்று எழுதிய நீங்கள், அட்டைக் கடனுக்கு என்ன வட்டி என்று எழுதவில்லை. பெரும்பாலான அட்டைகளில் அது மாதம் மூன்றரை விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. அந்த வட்டியைத் தெருவில் ஒருவர் கேட்டால் கந்துவட்டி என்று விலகிப் போகும் நாம், அச்சடித்த அறிக்கையில் வரும்போது பேசாமல் கட்டிவிடுகிறோம். உங்கள் 1,80,000 ரூபாய்க்கு இந்த வீதத்தில் மாத வட்டி 6,300. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 1,134. ஆக, நீங்கள் கட்டும் 9,000 ரூபாயில் அசலுக்குப் போய்ச் சேர்வது 1,566 ரூபாய் மட்டுமே. பழைய நிலுவை முழுதாக அடையாத வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது என்பதால், இருபதாம் தேதிக்குமேல் வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஏறுகிறது.

எனவே எல்லாக் கடனையும் ஒன்றாக்கத் தேவையில்லை. அட்டைக் கடனை மட்டும் இடம் மாற்றினால் போதும். வங்கியில் நகையை வைத்து ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டியில் 1,80,000 வாங்கினால் முதல் மாத வட்டி 1,500 ரூபாய். இப்போது கட்டும் அதே 9,000 ரூபாயை அங்கே கட்டிவந்தால் 22 மாதங்களில் கடன் அடைந்து நகை வீடு திரும்பும். அட்டையிலேயே விட்டால், ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் செலவழிக்காமல் இதே தொகையைக் கட்டினாலும் ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும். ஆனால் நகைக்கடனை ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போனது. அப்படித் திருப்பித் திருப்பி வைத்தே ஏலத்துக்குப் போன நகைகளை நான் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் அசலில் கட்ட இடம் கொடுக்கும் கடன்தானா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பணம் கைக்கு வந்த அன்றே இரண்டு அட்டைகளின் நிலுவையையும் முழுதாகக் கட்டி, கணக்கை முடித்துவிடுங்கள். அட்டை கையில் இருந்தால் ஓராண்டுக்குள் அதுவும் நிரம்பி, நகையும் வங்கியில் இருக்கும்.

நகை உங்கள் மனைவியுடையது என்பதால் அவரிடம் சொல்லாமல் இதில் எதுவும் நடக்காது. அது நல்லதற்கே என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கடனை என் மனைவியிடமிருந்து இரண்டு ஆண்டுகள் மறைத்தேன். அந்த இரண்டு ஆண்டுகளில் எதற்கும் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். பட்டுப்புடவையோ வெளியூர்ப் பயணமோ உறவினர் வீட்டுச் சீரோ, எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, மறைப்பதற்காகச் செய்த செலவு முதலில் மறைத்த கடனுக்கு அருகில் வந்திருந்தது. அவருக்குத் தெரிந்த மாதத்திலிருந்துதான் எங்கள் வீட்டில் செலவு குறைந்தது.

இனி உங்கள் மாதக் கணக்கு. அட்டையைத் தேய்க்க வைப்பது அன்றாடச் செலவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணிமணி, வண்டியின் காப்பீடு, ஆவணியிலும் தையிலும் வரிசையாக வரும் விசேஷங்கள் ஆகியவற்றின் தேதி நமக்கு முன்பே தெரியும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அவை எதிர்பாராமல் வந்ததைப் போலத் தடுமாறுகிறோம். நான் ஓர் உத்தேசம் போடுகிறேன்: பள்ளிக்கு 36,000, விசேஷங்களுக்கும் மொய்க்கும் 18,000, தீபாவளிக்கு 12,000, வண்டிக்கு 6,000. மொத்தம் 72,000, மாதத்துக்கு 6,000. சம்பளம் வந்த மறுநாளே இந்த 6,000 ரூபாய் வேறொரு வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். வாடகையும் 19,600 ரூபாய்க் கடன் தவணைகளும் இதுவும் போனால் 16,400 மிஞ்சும். மின்சாரம், எரிவாயு, பெட்ரோல், கைபேசி ஆகியவற்றுக்கு 5,400 ஒதுக்கினால் காய்கறி, பால், மளிகைக்கு 11,000. இதை மாதத்துக்கு என்று வைக்காமல் வாரத்துக்கு 2,500 என்று பிரித்து, சனிக்கிழமைதோறும் உங்கள் மனைவி கையில் கொடுங்கள். மாதக் கணக்கு பிசகினால் இருபதாம் தேதிதான் தெரியும்; வாரக் கணக்கு புதன்கிழமையே சொல்லிவிடும். யுபிஐ செயலியில் சம்பளக் கணக்கை இணைக்காமல், சில்லறைச் செலவுக்கென்று சிறிய தொகை மட்டும் உள்ள கணக்கை இணைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது இறுக்கமான கணக்கு என்பதை அறிவேன். முதல் மூன்று மாதங்கள் தொகைகள் முன்பின்னாகும்; அதற்காக நோட்டை மூடிவிடாதீர்கள்.

மாமாவின் கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்று உங்கள் மனம் சொல்லும். அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவரை நேரில் பார்த்து, வட்டி தேதி தவறாது, அசலுக்கு இரண்டு ஆண்டு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை முடிந்து, நகையும் திரும்பியபின் விடுபடும் 9,000 அப்படியே அவருக்குப் போகட்டும்.

காதுகுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மொய் நோட்டைப் போல ஒழுங்காக எழுதப்படும் கணக்கு வேறில்லை. யார் எந்த ஊர், எவ்வளவு என்று முப்பது ஆண்டுப் பழைய நோட்டும் பெட்டியில் இருக்கும். அதில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் நாம் திருப்பிச் செய்ய வேண்டியது, பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே. தை மாதம் வரும் மொய் உங்கள் கடனைக் குறைக்காது. வட்டியில்லாத புதுக் கடனாக, கேட்கும் தேதி தெரியாமல், அந்த நோட்டில் ஏறும். குழந்தைக்குக் காது குத்த வேண்டும், தள்ளிப்போட வேண்டாம். குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் அமர்த்தி, நெருங்கிய சொந்தம் இருபது பேரோடு செய்யுங்கள். பத்திரிகையும் மண்டபமும் வேண்டாம். அதற்கு ஆகும் செலவு அந்த விசேஷக் கணக்கின் 18,000 ரூபாய்க்குள் நிற்கட்டும். இந்த முடிவையும் உங்கள் மனைவியோடு சேர்ந்தே எடுங்கள். நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் மூன்று கடன்களையும் உங்கள் கையால் எழுதி, வரும் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் தூங்கியபின் அவர் முன்னால் வையுங்கள்.

அன்புடன்.