ஊற்றுக்கால் கரை வழியே நடந்துபோக முடியுமா?

கேள்வி: வாலாஜாவுக்குக் கிழக்கே பாலாற்றங்கரை ஊர் எங்களுடையது. சிறுவயதில் ஊற்றுக்கால் கரையைப் பிடித்து மேற்கே நடந்தால் அத்தை ஊர் வந்துவிடும். அதற்கு அப்பால் கொஞ்ச தூரத்தில், கால்வாய் ஆற்றில் தொடங்கும் தலைப்பு. இன்று கால்வாயில் தண்ணீர் இல்லை, பாதி இடத்தில் கால்வாயே தெரியவில்லை. பதினாறு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு ஒருமுறை அப்படி நடக்க ஆசை. வழியைக் கண்டுபிடிக்க முடியுமா? யாராவது தடுத்தால் என்ன செய்வது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்: முடியும், ஐயா. ஆனால் முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊரில் ஓடியது ஊற்றுக்கால்தானா, அணைக்கட்டுக் கால்வாயா? பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி ஏரிகளுக்குப் போகும் கால்வாய்கள் வறண்டு கிடந்தாலும் செத்தவை அல்ல. ஆற்றில் வெள்ளம் வந்ததும் அவற்றில் தண்ணீர் திருப்பப்படும். அவற்றின் உள்ளே இறங்கி நடப்பது கூடாது. ஊற்றுக்கால் வேறு. அது ஆற்று மணலுக்குள் வெட்டி, அடியில் கசியும் ஊற்றை மெல்ல ஊருக்குக் கொண்டுவந்த வாய்க்கால். அந்தக் காலத்தில் ஆற்றின் மேலே சொட்டுத் தண்ணீர் இல்லாத மாசியிலும் அதில் ஓட்டம் இருந்தது. ஆண்டுதோறும் ஊர்கூடி மணல் வாரினார்கள்.

நில அளவையில் முப்பது ஆண்டு சங்கிலி இழுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கைபேசி வரைபடத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். தூர்ந்துபோன வாய்க்காலை அதில் தேடினால் கண் வலிதான் மிச்சம். கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு ஊர்களின் கிராம வரைபடத்தையும் பாருங்கள். பழைய தாள்களில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றே இருக்கும். 1989-இல் அது பிரிந்தது, 2019-இல் வேலூரும் பிரிந்து ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. வட்டத்தின் பெயரும் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். ஊர்ப் பெயரையும் புல எண்ணையும் (சர்வே எண்) பிடித்துக்கொண்டால் போதும்.

பழைய கிராம வரைபடம் பெரும்பாலும் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தது. அதாவது தாளில் ஓர் அங்குலம் தரையில் 330 அடி, ஏறக்குறைய 100 மீட்டர். வாய்க்காலின் வளைவுகள் மேல் ஒரு நூலை வைத்து அளந்து, அங்குலத்தை நூறால் பெருக்குங்கள். தூரம் மீட்டரில் வந்துவிடும். நினைத்ததைவிட அதிகமாகத்தான் வரும். தார்ச்சாலை நேராகப் போகும். வாய்க்கால் தரையின் மட்டத்தைப் பார்த்து வளைந்து வளைந்துதான் போகும். முள்ளும் பள்ளமுமான கரையில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது.

வரைபடத்தில் பார்த்த புல எண்ணை, எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டில் ஒப்பிடுங்கள். இணையத்திலும் பார்க்கலாம். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம், தனியாருக்குப் பட்டா கிடையாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வழியில் எவரோடும் வாதாடுவதற்காக அல்ல. வாய்க்காலை உழுது நெல் போட்டிருந்தால் அந்த நெல்லை நீங்கள் மிதிக்க முடியுமா? “வரப்பு வழியாகப் போய்க்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். நான் போன இடங்களில் இந்தக் கேள்விக்கு ‘கூடாது’ என்று பதில் வந்தது அரிது. மோர் வேண்டுமா என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

இனி தரையில் எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு கரையில் ஆற்றுப் பக்கத்துக் கரையைப் பிடியுங்கள். சரிவில் போகும் வாய்க்காலுக்குத் தாழ்ந்த பக்கத்தில்தான் மண் குவித்துக் கரை கட்டுவார்கள், மேட்டுப் பக்கத்துக்கு அது தேவைப்படாது. அந்தக் கரைதான் பழைய நடைபாதையாகவும் இருந்திருக்கும். கரை கரைந்துபோன இடத்தில் பனைமர வரிசையைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் வயலின் நடுவே காரணமில்லாமல் நிற்கும் செங்கல் மதகு அல்லது சிறுபாலம் கண்ணில் படும். காரணமில்லாமல் வளைந்து ஓடும் வரப்பும் பெரும்பாலும் வாய்க்காலின் எலும்புதான். ஆழமாக இருப்பதெல்லாம் வாய்க்கால் என்று எண்ணிவிடாதீர்கள். நான் ஒருமுறை நல்ல அகலமான பள்ளத்தைப் பிடித்து முக்கால் மணி நேரம் நடந்தேன். அது மணல் லாரி போன தடம்.

எல்லாவற்றையும்விட நல்ல வரைபடம் ஊரின் பழைய நீர்க்கட்டி, அதாவது வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிட்டவர். உயிரோடு இருந்தால் அவர், இல்லையென்றால் அவர் மகன். எந்த மதகு எந்த வயலுக்கு என்பது அவர்கள் கால்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நெடுஞ்சாலை குறுக்கிட்டால் அடியில் இருக்கும் குழாய்க்குள் தவழ வேண்டாம். பேரன் தவழத்தான் பார்ப்பான், விடாதீர்கள். ரயில் பாதை குறுக்கிட்டால் கேட் இருக்கும் இடம் வரை சுற்றிப் போக வேண்டியதுதான். கரையை ஒட்டிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இருக்கும். சீமைக்கருவேலம் வாயை மூடியிருந்தால் அருகில் போகும்வரை தெரியாது, கையில் இருக்கும் கோலால் தட்டிப் பார்த்தே அடி வையுங்கள். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். கனமான அடியுள்ள ஷூ கட்டாயம். பன்றிக்குப் பயந்து இரவில் மின்கம்பி இழுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே வெளிச்சம் நன்றாக வந்தபின் கிளம்புங்கள், கம்பி எதையும் தொடாதீர்கள். கண்ணாடி விரியன் கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பள்ளத்தில் தேங்கிய நீரில் முகம் கழுவாதீர்கள். தோல் ஆலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்கு 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கிறது. குடிநீரைத் தோளில் சுமப்பதே நல்லது.

காலம் என்றால் பொங்கல் முடிந்து மாசி பாதி வரை. அறுவடை முடிந்த வயல்களில் வழி தேடுவது எளிது. உங்கள் ஊரிலிருந்தே மேற்கே நடங்கள். காலை வெயில் முதுகில் விழும், கண்ணில் அடிக்காது.

போகப் போகக் கரை உயர்ந்து வாய்க்கால் ஆழமாகும். கலங்க வேண்டாம், சரியான வழிதான். ஆற்று மணலின் அடியிலிருந்து புறப்பட்ட வாய்க்கால் அல்லவா, தலைப்பை நெருங்க நெருங்கப் பள்ளம்தான். அத்தை ஊர் தாண்டித் தலைப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் விளிம்பில் நிற்காதீர்கள், அங்கே மண் சரியும். மணல் அள்ளி அள்ளிப் பல இடங்களில் ஆற்றின் தரை கீழே போய்விட்டது. ஊற்றைத் தேடி மணலுக்குள் நுழைந்த வாய்க்காலின் வாய் இப்போது ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் திறந்து கிடக்கும். தண்ணீர் ஏன் நின்றது என்று பேரன் கேட்டால் அதைக் காட்டுங்கள்.