கிளான் சாவி யார் கையில்? – வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் லேப்டொப் ஏன் சூடாகிறது என்று எழுதும்போது, 2010இல் இருந்து மட்டக்களப்பு டவுனில் ஒரு கேமிங் கிளானையும் பிறகு அதன் வெப்சைட்டையும் பார்த்து வருகிறேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளானைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே. விளையாடாதவர்களுக்காக ஒரு விளக்கம்: ஒரே பெயரின் கீழ் சேர்ந்து ஒன்லைனில் விளையாடும் கூட்டத்தைத்தான் கிளான் என்கிறோம். இரண்டு கிளான் மோதிக்கொண்டால் அது வோர். ஊரில் உள்ள கிரிக்கெட் கழகம் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஷ் ஒஃப் கிளான்ஸில் எங்கள் கிளானில் 46 பேர் இருக்கிறோம். வோர் போட்டால் 12, 13 பேர்தான் அடிக்கிறார்கள். மற்றவர்களைத் தூக்கிவிடலாமா?
– 19 வயது வாசகர், ஏறாவூர்

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. வோருக்கு வருகிறேனா இல்லையா என்று காட்டும் பச்சை, சிவப்பு அடையாளம் ஒவ்வொருவருடைய பெயரோடும் இருக்கிறது. எத்தனை பேர் உண்மையாகப் பச்சை போட்டிருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 50 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக 30க்கு 30 போட வேண்டியதில்லை. 15க்கு 15 போதும்.

அடுத்தது நேரம். ஆயத்தத்துக்கு 23 மணித்தியாலம், அடிப்பதற்கு 24 மணித்தியாலம். நீங்கள் தேடத் தொடங்கும் நேரத்தை வைத்துத்தான் வோர் முடிகிற நேரமும் வரும். பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால், எல்லோரும் கடையிலும் வகுப்பிலும் நிற்கும்போது கடைசி மணித்தியாலம் ஓடிவிடும். இரவு பத்தரைக்குத் தொடங்கிப் பாருங்கள். மறுநாள் விட்டு அடுத்த நாள் இரவு ஒன்பதரை, பத்து மணியளவில் முடியும். இஷா தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம். எங்கள் கிளானில் இதை மட்டும் மாற்றியதிலேயே அடிக்கிறவர்கள் கூடினார்கள்.

அப்புறமும் இரண்டு வோர் தொடர்ந்து வராதவருக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். பொதுச் சாட்டில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம். நான் ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை மூன்று கிழமையாகத் தாயோடு ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறான். அந்த மெசேஜை அழித்துவிட்டேன், ஆனால் அவன் அதற்கு முதலே பார்த்துவிட்டான்.

நான் பப்ஜி நன்றாக விளையாடுவேன். மைக்கைத் திறந்தால் போதும், அசிங்கமான கதை தொடங்கிவிடும். நல்ல கிளான் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கல்லடி

தங்கச்சி, சேருவதற்கு முன் லீடரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக யாரை, எதற்காக நீக்கினீர்கள்?" பெயர் சொல்லத் தேவையில்லை, காரணம் சொன்னால் போதும். உண்மையில் ஒழுங்கு பார்க்கிற லீடருக்கு அந்தக் காரணம் உடனே ஞாபகத்துக்கு வரும். "எங்கட கிளானில் அப்படிப் பிரச்சினையே வராது" என்பவரிடம் போகாதீர்கள். பிரச்சினை வந்திருக்கும். அவருடைய காதுக்குப் போயிருக்காது.

எங்கள் விதி 2016இல் எழுதியது, இன்றைக்கும் அதுதான். குரலைக் கேட்டுவிட்டு ஆணா பெண்ணா என்று யாரும் விசாரிக்கக் கூடாது. வயது, படம், ஊர் கேட்கக் கூடாது. முன்பின் பழகாத ஒருவருக்குத் தனி மெசேஜ் அனுப்புவதென்றால் பொதுச் சாட்டில் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். முதல்முறை மீறினால் ஒரு கிழமைக்கு வாய்ப்பூட்டு, இரண்டாம் முறை வெளியே. எவ்வளவு நன்றாகச் சுடுகிறவராக இருந்தாலும் இதுதான் சட்டம். இந்த விதியை எழுதியது நான் இல்லை, எங்களோடு விளையாடிய இரண்டு பிள்ளைகள். நான் எழுதி வைத்திருந்தது "பெண்களை மதிக்க வேண்டும்" என்ற ஒரு வரி மட்டும். "அண்ணா, அதை வைத்து யாரையும் பிடிக்கேலாது" என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. வட்ஸ்அப் குழு மட்டுமே வைத்திருக்கிற கிளானில் சேர அவசரப்படாதீர்கள், உங்கள் நம்பர் எல்லோருக்கும் போய்விடும். விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கோர்ட் செயலியில் நம்பர் தெரியாது. அங்கே சேர்வர் என்று சொல்லும் குழுவில் உள்ளவர்கள் உங்களுக்குத் தனி மெசேஜ் அனுப்ப முடியாதபடி செட்டிங்கில் நிறுத்தியும் வைக்கலாம். யாராவது எல்லை மீறினால் பதில் சொல்ல முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு தங்கச்சி சேர்ந்த புதிதில் பல மாதம் மைக்கைத் திறக்கவே இல்லை. இப்போது அவள்தான் நாலு பேர் ஸ்குவாட்டுக்கு எதிரி நிற்கிற இடம் சொல்கிறவள். "வலப்பக்கம், ரெண்டாம் மாடி, உடைஞ்ச ஜன்னல், ஒராள்" என்று நாலே குறிப்பில் சொல்லி முடிப்பாள். அவள் பேசும்போது மற்ற மூன்று பேரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படி ஒரு இடம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வட்ஸ்அப், டிஸ்கோர்ட் எல்லாம் இருக்கும்போது கிளானுக்கு வெப்சைட் எதற்கு? காசுக்குக் கேடு என்கிறார்கள் கூட்டாளிகள்.
– இரண்டு நண்பர்கள், கல்முனை

வட்ஸ்அப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம், உண்மைதான். ஆனால் கிளான் விதி என்ன, போன வருடம் யார் எந்த வோரில் அடித்தார்கள், யாரிடம் எவ்வளவு காசு வாங்கினோம் என்பதை அங்கே தேடிப் பாருங்கள். குட்மோர்னிங் படங்களுக்குள் எங்கேயோ புதைந்து கிடக்கும். நிலைத்து நிற்க வேண்டியதை வெப்சைட்டில் வையுங்கள், பேச்சை டிஸ்கோர்டில் வையுங்கள். வெப்சைட்டுக்கு நாலு பக்கம் போதும்: விதி, அங்கத்தவர் பட்டியல், வோர் பதிவு, காசுக் கணக்கு.

ஆனால் கட்டுவதற்கு முன் எங்கள் கதையைக் கேளுங்கள். 2011இல் பிஎச்பிபிபி என்ற இலவச ஃபோரம் மென்பொருளைப் போட்டு எங்கள் தளத்தைத் தொடங்கினோம். அப்போது கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற சுடும் விளையாட்டின் காலம். ஒரு நெட் கடையில் எட்டு கொம்பியூட்டர், ஐந்துக்கு ஐந்து விளையாட இரண்டு பேர் லேப்டொப் தூக்கி வர வேண்டும். கார்ட் வைத்திருந்த ஒரே ஒரு அண்ணன் டொட் கொம் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தன் பெயரில், தன் ஹொட்மெயிலைக் கொடுத்து வாங்கினார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மறுகா அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். அந்த மெயிலைப் பார்ப்பதை விட்டுவிட்டார், பாஸ்வேர்டும் மறந்துபோனது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அங்கேதான் விழுந்திருக்கிறது. டொட் கொம் பெயர் காலாவதியாகி நீக்கத்துக்குப் போனாலும், கூடுதல் காசு கட்டி மீட்க 30 நாள் தருவார்கள். அதற்குப் பிறகு இன்னும் 5 நாள் போனால் யாரும் வாங்கலாம். எங்களுக்கு விசயம் தெரிந்தபோது வேறு யாரோ வாங்கி விளம்பரம் போட்டிருந்தார்கள். தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கும் அதே மெயிலில்தான் இருந்தது. டேட்டாபேஸ் பெக்கப் ஒருவரிடமும் இல்லை. இரண்டு வருடத்து எழுத்து மொத்தமும் போய்விட்டது.

பழைய வெப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் எங்கள் முகவரியைப் போட்டுத் தேடினேன். முன்பக்கமும் அங்கத்தவர் பட்டியலும் மட்டும் இருந்தன. 31 பெயர். அதில் ஒன்று ஆரையம்பதித் தம்பி ஒருவனுடையது. 2012இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்துப்போனவன். அவனுடைய பெயருக்குக் கீழே அவன் எழுதி வைத்த வரி அப்படியே இருந்தது: "கரண்ட் போனா நான் போயிட்டன் எண்டு நினைக்காதீங்க, வந்துருவன்." அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவனுடைய அம்மாவிடம் போனேன். அவ எழுத்துக்கூட்டி வாசித்தா. வாசித்துவிட்டு, இதை யார் எழுதினது என்று கேட்டா. உங்கட மகன்தான் என்றேன். இன்னொருமுறை வாசித்தா.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன் தம்பிமார். டொமைன் ஒருவருடைய சொந்த மெயிலில் இருக்கக் கூடாது. கிளானுக்கென்று ஒரு மெயில் திறந்து, அதன் பாஸ்வேர்டையும் இரண்டாம் படிச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளையும் தாளில் எழுதி இரண்டு உறையில் ஒட்டி, வேறு வேறு வீட்டில் வையுங்கள். எங்கள் உறை ஒன்று என் அலுமாரியில், மற்றது பொருளாளரின் அம்மாவிடம். டேட்டாபேஸை வாரம் ஒருமுறை இறக்கி இரண்டு இடத்தில் சேமிப்பது ஒருவருடைய வேலை. காலாவதித் திகதி மூன்று பேருடைய போன் நாட்காட்டியில் இருக்க வேண்டும்.

காசைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹோஸ்டிங், டொமைன் இரண்டுக்கும் எங்களுக்கு வருடத்துக்கு 60 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, 12,000 ரூபாய். சில மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டி, அதே பில் 21,600க்கு மேல் வந்து நின்றது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம், விளையாடவே முடியவில்லை. மூடிவிடலாமா என்று கேட்டோம். 36 பேர் ஆளுக்கு 600 ரூபாய் போட்டார்கள். ஒவ்வொரு ரூபாயையும் அன்றைக்கே கணக்குப் பக்கத்தில் போட்டோம், கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை மண்டபச் சுவரில் ஒட்டுவார்களே, அதே மாதிரி. கணக்கு வெளியில் கிடந்தால் கேட்காமலே காசு வருகிறது.

எங்கள் கிளானில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊரில் ஏதாவது நடந்தால் சாட்டில் சண்டை. அரசியல் பேசவே கூடாது என்று தடை போடட்டுமா?
– வாசகர், வாழைச்சேனை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது எங்கள் கிளான் பிள்ளைகள் பலருடைய வீடு அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பிள்ளைகளும் எங்களோடு இருந்தார்கள். பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் அரசாங்கத்தால் தடைசெய்யப்பட்டிருந்தன. எங்கள் சாட் மட்டும் வேலை செய்தது. என்ன எழுதுவார்களோ என்ற பயத்தில் அன்று இரவே அதை மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது ஆறு பேர் போயிருந்தார்கள். ஆறு பேரும் காத்தான்குடி. ஒருவன் பிறகு சொன்னான்: "அண்ணே, எங்களோட கதைக்க விருப்பமில்லாமத்தான் மூடினீங்க எண்டு நினைச்சம்." நான் நினைத்ததே வேறு. ஆனால் மூடின கதவுக்கு வெளியே நின்றவனுக்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே முழுத் தடை வேண்டாம். இப்போது எங்களிடம் உள்ள வழக்கம் இது: ஊரில் ஏதாவது நடந்தால், சாட்டைக் கவனிக்கிற மொடரேட்டர்களில் தமிழ் மொடரேட்டர் ஒருவரும் முஸ்லிம் மொடரேட்டர் ஒருவரும் சேர்ந்து ஒரே மெசேஜ் போடுவார்கள். எல்லோரும் பத்திரமா, யாருக்காவது உதவி தேவையா என்று. ஒரு சமூகத்தைப் பழிக்கிற வரி வந்தால் அதே சமூகத்து மொடரேட்டர்தான் அழிப்பார். அந்த ஆறு பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

பிங் 90க்குக் கீழே இறங்குவதே இல்லை. எந்தக் கம்பனி லைன் எடுத்தால் 20 வரும்?
– வாசகர், அக்கரைப்பற்று

எந்தக் கம்பனியாலும் முடியாது. பிங் என்பது உங்கள் தரவு சேர்வருக்குப் போய்த் திரும்பிவர எடுக்கும் நேரம், மில்லி செக்கனில். சேர்வர் சிங்கப்பூரில் என்று வையுங்கள். கொழும்பில் இருந்து நேர்கோட்டிலேயே சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வரவே 27 மில்லி செக்கன். அக்கரைப்பற்றில் இருந்து உங்கள் தரவு முதலில் கொழும்பு, மாத்தறைப் பக்கம் கேபிள் கரையேறும் இடத்துக்குப் போக வேண்டும், கேபிளும் நேராகப் போவதில்லை. 60, 70 வந்தால் சந்தோசப்படுங்கள். எண்ணைவிட, அது ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். 80இலேயே நிற்கிற லைன், 50க்கும் 200க்கும் தாவுகிற லைனைவிட எவ்வளவோ மேல். கொம்பியூட்டர் என்றால் வைஃபையை விட்டுவிட்டு லேன் வயர் போடுங்கள். போன் என்றால் றவுட்டர் இருக்கிற அறைக்கே போய் விளையாடுங்கள்.

எங்கள் அணியில் சிறந்த ஆள் ஹெக் போடுகிறான் போலிருக்கிறது. வருகிற மாதம் போட்டி. என்ன செய்ய?
– வாசகர், சம்மாந்துறை

ஹெக் என்றால் கள்ள மென்பொருள் போட்டு விளையாடுவது. போட்டிக்கு முன்பே நிறுத்துங்கள். பப்ஜி மொபைலில் பிடிபட்டால் 10 வருடத் தடை வரை போகும், அணியின் பெயரும் கெடும். ஆனால் முதலில் நேரில் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேளுங்கள். பழைய மெட்ச் ரெக்கோர்டிங் இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

என் மகனுக்கு 15 வயது. ஏதோ கிளானாம், இரவு ஒரு மணிக்கும் போனில். அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. போனைப் பறித்துவிடட்டுமா?
– ஒரு தாய், திருக்கோவில்

அக்கா, பறிப்பதற்கு முன், கிளானில் உனக்கு என்ன வேலை என்று மகனிடம் கேளுங்கள். சும்மா விளையாடுகிறானா, புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறானா, வோர்ப் பட்டியல் போடுகிறானா என்று. அவன் சொல்லத் தொடங்கினால் கொஞ்ச நேரம் கேளுங்கள். ஒரு மணி வரை விழித்திருக்கிற பிள்ளைகளில் பலர் விளையாட்டு ஆசையில் மட்டும் இருப்பதில்லை. தான் படுத்துவிட்டால் வேலை நின்றுபோகும் என்று நினைக்கிறார்கள். அது அவனுடைய பிழை இல்லை, ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் முழு வேலையையும் வைத்த லீடரின் பிழை. நானும் முன்பு அப்படி வைத்திருக்கிறேன். இப்போது 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்களிடம் இரவு ஒன்பதரைக்குப் பிறகு வேலை இல்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் வர வேண்டியதில்லை. இடம் அவனுக்காகக் காத்திருக்கும்.

போனில் உங்கள் கார்ட் நம்பர் சேமித்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அப்புறம் அந்த லீடரின் நம்பரை மகனிடம் வாங்கி நீங்களே ஒருமுறை கதையுங்கள். ஓ.எல். இருக்கிறது, ஒன்பதரையோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லுங்கள். நல்ல பிள்ளையாக இருந்தால், "சரி அம்மா, நாளையில இருந்து அவன்ட வேலையை நான் பார்க்கிறன்" என்பான்.